சேறு கழுவிய எருமை

நம் அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்ததே, பார்த்திருப்பீர்கள். செம்பருத்தித் தொட்டியின் ஈர மண்ணைக் கிளறி, அதில் வயிற்றை வைத்துப் படுத்திருந்த தெருநாயின் படம். கீழே ஆளாளுக்குக் கோபப் பொம்மை போட்டிருந்தார்கள். நானும் ஒன்று போட்டேன், பொய் சொல்வானேன். கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தாய் என்று நடைப்பயிற்சியில் உங்களில் இரண்டு பேர் கேட்டீர்கள். நின்றுகொண்டே சொல்கிற விஷயமில்லை என்று மழுப்பினேன். இந்தக் காட்டுப்பாக்கத்துக் கட்டடத்தில் அறுபதைத் தாண்டிய பெண்கள் நாம் ஐந்தே பேர்தான். உங்களுக்காகத்தான் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டாம், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பாவுக்கு அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நாங்கள் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நெல் விளைந்த நிலத்தை மனை பிரித்து விற்ற இடத்தில் எட்டு வீடுகள், அதுதான் எங்கள் தெரு. எட்டும் காங்கிரீட் வீடுகள். எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு மரம் கிடையாது. வரப்பில் நின்ற வேப்பமரங்களை, வேர் சுவரைப் பிளந்துவிடும் என்று வீடு கட்டும்போதே வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். தெருவுக்குப் பின்னால் ஒரு குட்டை, குட்டைக்கு அந்தப் பக்கம் குடிசைகள். அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களும் களை எடுத்தவர்களும் அங்கேதான் இருந்தார்கள். நிலம் போன பிறகு ஆண்கள் பட்டறைகளுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். எங்களுக்குப் பால் ஊற்றிய பால்காரம்மாவின் வீடும் அங்கேதான். அவளுக்குப் புருஷன் இல்லை. என் வயதில் ஒரு பெண் இருந்தாள், ஓர் எருமை இருந்தது. எருமை கறந்தால் அந்த வீட்டில் உலை கொதிக்கும்.

பாக்கெட் பால் வந்துவிட்ட காலம்தான். ஆனால் எங்கள் தெருப் பெண்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. மாடு வாசலுக்கு வர வேண்டும், கண்ணெதிரே கறக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு ஒரு தரம், பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு தரம் பால்காரம்மா எருமையை ஓட்டிக்கொண்டு வருவாள். பழுப்பு மயிர் அடர்ந்த கன்று பின்னாலேயே ஓடிவரும். கறப்பதற்கு முன் அவள் செம்பைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்ட வேண்டும், உள்ளே தண்ணீர் இல்லை என்பதற்காக. எட்டு வாசலிலும் எட்டு முறை கவிழ்ப்பாள். கவிழ்க்கும்போது எங்களைப் பார்க்கமாட்டாள், வேறெங்கோ பார்ப்பாள். இது ஓர் அவமானம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

காலைக் கறவை முடிந்து வெயில் ஏறியதும் எருமையைக் குட்டையில் இறக்கிவிடுவாள். இரண்டரை மணிக்கு எழுப்பி ஓட்டி வருவாள். வரும்போது அதன் உடம்பெல்லாம் சேறு அப்பியிருக்கும். மடியை மட்டும் கழுவிவிட்டுக் கறப்பாள். அந்தச் சேற்றின் மீது கையை வைத்தால் மண்பானையைத் தொட்டதுபோல் ஜில்லென்று இருக்கும். அதற்காகவே நான் வாசலில் காத்திருப்பேன். "தொடு பாப்பா, ஒண்ணும் பண்ணாது" என்பாள் பால்காரம்மா. முதல் பீச்சின் நுரையை என் உள்ளங்கையில் வாங்கிக்கொள்ளச் சொல்வாள்.

அந்தக் கோடையில் என் தம்பிக்கு வயிற்றுப்போக்கு வந்தது. பத்து மாதக் குழந்தை. நான்கு நாளில் கண் உள்ளே போய், தோலைப் பிடித்தால் பிடித்த இடத்திலேயே நின்றது. பிழைத்ததே பெரிய விஷயம். மருத்துவர் தண்ணீரையும் பாலையும் நன்றாகக் கொதிக்க வையுங்கள் என்றுதான் சொன்னார். அம்மா அதைப் பாலில்தான் கோளாறு என்று எடுத்துக்கொண்டாள். பட்டறைகளின் கழிவுநீர் ஒரு வாய்க்கால் வழியாகக் குட்டையில் வந்து சேர்ந்தது உண்மை. அதனால் அம்மாவை முழுக்கக் குறை சொல்லவும் முடியவில்லை. சாகப் பிழைக்கக் கிடந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தவள் அவள்.

எதிர்வீட்டில் ஒரு ஹெட்கிளார்க் இருந்தார். ஆங்கிலப் பத்திரிகை வாங்குகிறவர், ஆகவே தெருவில் எல்லாவற்றுக்கும் அவர் சொல்தான். அவரும் அம்மாவும் பேசி முடிவு செய்தார்கள். எருமையைக் குட்டையில் இறக்கக் கூடாது, தினமும் காலையில் கிணற்றுத் தண்ணீரில் குளிப்பாட்டிச் சுத்தமாகக் கட்டிப்போட வேண்டும், சேறு இருந்தால் எட்டு வீட்டிலும் பால் கிடையாது. பால்காரம்மா திகைத்துப் போனாள். "இன்னாம்மா சொல்றே, எருமைய எறக்காம எப்டிம்மா?" என்று கேட்டாள். காலையில் குளித்தது போதாதா, நாங்களெல்லாம் ஒரு வேளைதானே குளிக்கிறோம் என்றாள் அம்மா. ஹெட்கிளார்க் சிரித்தார். எருமைத் தோலுக்கு வெயில் உறைக்கவா போகிறது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அதன் பிறகு எனக்கு ஒரு வேலை வந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு மொட்டைமாடியில் ஏறி, எருமை குட்டையில் கிடக்கிறதா என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். தம்பி பிறந்ததிலிருந்து அம்மாவுக்கு என்னை ஏறிட்டுப் பார்க்கவே நேரமில்லை. இந்த வேலைக்கு மட்டும் என்னை "ஏட்டி, என் கண்ணு" என்று கூப்பிட்டாள். அந்த "என் கண்ணு"வுக்காக நான் எதையும் செய்திருப்பேன். தரை கொதிக்கும், செருப்பில்லாத காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவர் வரை ஓடுவேன். பால்காரம்மா கரையில் நின்றால் என்னைப் பார்த்துக் கையாட்டுவாள். வேடிக்கை பார்க்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். நானும் ஆட்டுவேன்.

நான்காவதோ ஐந்தாவதோ நாள் எருமை குட்டையில் கிடந்தது. கொம்பும் மூக்கும் மட்டும்தான் தண்ணீருக்கு மேலே. கண்ணை மூடியிருந்தது. பால்காரம்மா கரையில் குந்தி, கையால் தண்ணீரை அள்ளி அதன் தலையில் விட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவு சுகமாக ஒரு உயிர் கிடந்து நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு இறங்கி ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா என் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாள்.

மூன்று நாள் எட்டு வீடும் பால் வாங்கவில்லை. மூன்று நாளும் அவள் வேளை தவறாமல் எருமையை ஓட்டிவந்து ஒவ்வொரு வாசலிலும் நின்றுவிட்டுப் போனாள். நான்காம் நாள் ஹெட்கிளார்க் சமரசம் பேசினார். அம்மா சூடம் எடுத்துவந்து எங்கள் வாசற்படியில் ஏற்றினாள். சூடம் அணைத்துச் சத்தியம் செய்தால் மறுபடி வாங்குவோம் என்றார்கள். அவள் கையை ஓங்கியபோது அம்மா, "சும்மா இல்ல, உன் பிள்ள மேல சத்தியம் பண்ணு" என்றாள். பால்காரம்மா அம்மாவின் இடுப்பில் இருந்த தம்பியைப் பார்த்தாள். பிறகு தன் மகள் மேல் ஆணையாக மாடு இனிக் குட்டையில் இறங்காது என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். கையைத் திருப்பியபோது நடுவில் கறுப்பாக இருந்தது. அன்றே செம்பைக் கவிழ்த்துக் காட்டிக் கறந்தாள்.

அதற்குப் பிறகுதான் கத்திரி வெயில் தொடங்கியது. அந்த வெயிலை என்னவென்று சொல்ல. காக்கைகள் வாயைப் பிளந்துகொண்டு சுவரில் உட்கார்ந்திருக்கும், பறக்காது. குடிசைப் பக்கத்துக் கோழிகள் இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு நடக்கும். எங்கள் குளியலறையின் ஈரத் தரையில் ஓர் அணில் கையும் காலும் பரப்பி ஒட்டிக்கொண்டு கிடந்தது. விரட்டினாலும் போகவில்லை. தெருநாய், துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் குழி பறித்துக்கொண்டது. அவரவர்க்குத் தெரிந்த வழியை அவரவர் செய்துகொண்டார்கள். எங்களுக்கு வேர்த்து ஊற்றியது, விசிறிக்கொண்டோம். எருமையை மட்டும் குளிப்பாட்டிப் பளபளவென்று கறுப்பாக, தகரக் கொட்டகைக்குக் கீழே கட்டிப்போட வைத்திருந்தோம்.

பால் குறைந்தது. வேறெங்கோ விற்கிறாள் என்றார்கள். தீவனம் போடுவதில்லை என்றார்கள். அது தின்னவில்லை என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மூன்று மணிக்குத் தார்ச்சாலையில் வரும்போது எருமை வாயைத் திறந்தபடி வரும், நாக்கு தொங்கும், எச்சில் கயிறாக இழுக்கும். எங்கள் வீட்டுச் சமையலறைத் தண்ணீர் வெளியே போகிற இடத்தில் சின்னதாக ஒரு சகதி இருந்தது, இரண்டு முறம் அகலம்கூட இருக்காது. அதைப் பார்த்ததும் எருமை மண்டிபோட்டு அதில் உட்காரப் பார்த்தது. அம்மா விளக்குமாற்றோடு வந்தாள். அதற்கு முன்பே பால்காரம்மா கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம் அல்லவா? அன்று நான் அதன் காதைத் தொட்டேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி கொதித்தது. அம்மாவிடம் சொன்னேன். மாட்டுக்கு உடம்பு அப்படித்தான் சூடாக இருக்கும் என்றாள். அன்றே என் மனதில் ஒன்று முடிவாகிவிட்டது. இனி எருமை குட்டையில் கிடந்தால் நான் சொல்லப்போவதில்லை.

மறுநாள் பகலில் அம்மா வற்றல் காயப்போட்டிருந்தாள். திருப்பிப் போட என்னை மேலே அனுப்பினாள். உளவு பார்க்க அனுப்பவில்லை, சத்தியத்துக்குப் பிறகு அந்த வேலை நின்றுவிட்டது. வற்றலைத் திருப்பிவிட்டு நிமிர்ந்தபோது பால்காரம்மா எருமையைக் கொட்டகையிலிருந்து அவிழ்த்து ஓட்டிவருவது தெரிந்தது. எருமை நேராக நடக்கவில்லை, பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன. குட்டையின் விளிம்பு வரை வந்துவிட்டாள். எருமை கழுத்தை நீட்டிற்று. நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, இறக்கிவிடு, இறக்கிவிடு என்று மனதுக்குள் சொன்னேன். அவள் தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். கையாட்டவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு கயிற்றைச் சுண்டி எருமையைத் திருப்பிக் கொட்டகைக்கே இழுத்துக்கொண்டு போனாள். வராமல் முரண்டு பிடித்த அதைக் கையால் அடித்தாள். பிள்ளை மேல் சத்தியம் செய்தவள், பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு எருமை எங்கள் வாசல் வரை வந்தது. செம்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு அவள் குந்துவதற்குள் அது முன்னங்காலை மடித்துச் சரிந்தது. வயிறு துருத்தி மாதிரி ஏறி இறங்கியது. வாயோரம் நுரை. எட்டு வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். அழுத்தம், எழுந்திருக்கப் பிடிக்காமல் கிடக்கிறது என்று ஹெட்கிளார்க் குடை நுனியால் குத்தினார். எங்கள் வீட்டுத் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. பால்காரம்மா யாரையும் கேட்காமல் உள்ளே ஓடிப்போய் ஒரு குடம் மொண்டு வந்தாள்.

"ஒடம்பு கொதிக்குதும்மா. நாலு கொடம் ஊத்துனா எயிந்துக்கும்."

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் போய்விடும் என்பதற்காக அல்ல. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

"ஊத்தாத. கொதிக்க ஒடம்புல பச்சத்தண்ணி பட்டா ஜன்னி கண்டுரும். என் தம்பிய அப்படித்தான் தூக்கிக் குடுத்தோம். சொல்லுதத கேளு."

அம்மாவின் குரல் உடைந்திருந்தது. காய்ச்சலில் கிடந்த தன் தம்பி யாருக்கும் தெரியாமல் கிணற்றடியில் குளித்ததால்தான் செத்தான் என்று அவள் சாகும்வரை நம்பினாள். ஹெட்கிளார்க்கும் ஆமோதித்தார். ஷாக் ஆகிவிடும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பால்காரம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். படித்தவர்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரி சொன்னோம். குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

அதன் பிறகு நாங்கள் செய்ததெல்லாம் அன்பில் செய்ததுதான். அம்மா சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் காய்ச்சினாள். மூங்கில் குழாயில் ஊற்றி அதன் வாயில் புகட்டினார்கள். குளிர் எடுக்காமல் இருக்கச் சாக்கைக் கொண்டுவந்து மேலே போர்த்தினார்கள். அந்த வெயிலில், கறுப்பு உடம்பின் மேல், சாக்கு! குடத்துத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. எருமை ஒரு தடவை தலையைத் திருப்பி அதை முகர்ந்தது. கொம்பு பட்டுக் குடம் சாய்ந்து தண்ணீர் தாரில் ஓடி, ஓடிய சுவடு தெரியாமல் காய்ந்துவிட்டது. நாலரை மணிவாக்கில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தது. பார்த்தாயா, ஜன்னி வந்துவிட்டது என்றாள் அம்மா. ஐந்து மணிக்கு வயிறு நின்றது. கன்று வந்து மடியை முட்டி முட்டிக் குடிக்கப் பார்த்தது. அதை யாரும் விலக்கவில்லை. பால்காரம்மா சத்தம் போட்டு அழவில்லை. புள்ள தப்பிச்சுது, மாட்டோட போச்சு என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விஷம் என்றார்கள், கண்ணேறு என்றார்கள், குட்டைத் தண்ணீரின் பழைய வினை என்றுகூட ஹெட்கிளார்க் சொன்னார். முப்பத்தைந்து வருடம் கழித்து என் மகள் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். தேர்வுக்காகச் சத்தம் போட்டுப் படிக்கிறவள். ஒருநாள் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எருமையைப் பற்றிய பாடம் வந்தது. கறுப்புத் தோல் வெயிலை வாங்கிக்கொள்ளும், மயிர் குறைவு, பசுவுக்கு இருக்கிற அளவுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, தண்ணீரிலோ சேற்றிலோ படுத்தால்தான் உடம்புச் சூடு இறங்கும், சேறு காயக் காய நெடுநேரம் குளிர்ச்சி கொடுக்கும். நான் ஆய்வதை நிறுத்தினேன். வெயிலில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "முதல்ல தண்ணி ஊத்தணும்மா, உடம்பு பூரா. அப்புறம்தான் மத்ததெல்லாம்" என்றாள். ஜன்னி வராதா என்றேன். உடம்புச் சூடு எல்லை மீறினால்தான் இழுப்பு வரும், தண்ணீரால் வராது என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அம்மா அப்போது உயிரோடு பக்கத்து அறையில் இருந்தாள். அவளிடம் நான் சொல்லவில்லை. எழுபது வயதுக்காரியிடம் போய் எதற்கு?

எருமை செத்த பிறகு தெரு பாக்கெட் பாலுக்கு மாறியது. காலையில் அம்மாவே போய் வரிசையில் நின்றாள். கன்றைக் குமணன்சாவடிப் பக்கத்து இறைச்சிக்காரர் ஓட்டிப் போனார். இரண்டு மாதம் கழித்து பால்காரம்மா எங்கள் வீட்டிலேயே பாத்திரம் தேய்க்க வந்தாள். பாவம் என்று அம்மாதான் கூப்பிட்டு வைத்துக்கொண்டாள். செய்த உதவி என்று கடைசிவரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை. குட்டையில் கிடந்ததைச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான் என்று அவளுக்குத் தெரியாதே என்பதுதான் அரித்தது. ஒருநாள் அம்மா தம்பியை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போயிருந்தபோது, கொல்லையில் போய் அவள் முன்னால் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவள் சாம்பலும் நாருமாகத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். அவள் உள்ளங்கையில் சூடம் சுட்ட இடம் வெளுத்திருந்தது.

"தெரியும் பாப்பா. வேற யாரு கீறாங்க மாடியில" என்றாள். கோபமே இல்லை. "நீ பாத்ததத்தான சொன்னே. அதுக்கு ஏன் அயுவுறே."

ஒரு பாத்திரத்தை அலசிக் கவிழ்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"கடசி நாளு சத்தியமாவது ஒண்ணாவது, புள்ளைக்கு வந்தா நா பாத்துக்கறேன், எறக்கிடலாம்னுதான் இட்டாந்தேன். தலைய தூக்கிப் பாத்தா நீ நின்னுகினு கீறே. திருப்பி இட்டுகினு பூட்டேன்."

வற்றல் திருப்பிப் போடத்தான் ஏறினேன், யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு அது இன்னும் கொடுமை என்பது பத்து வயதிலேயே புரிந்துவிட்டது. அவள் அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.